கிரின்ஸ்டெட்டில் கையொப்பமிட்ட வாக்குகள்

காலை 8.20. டென்மார்க்கில் நான் வசிக்கும் ஹ்விடோவ்ரேயிலிருந்து புறப்பட்டேன். கிரின்ஸ்டெட்டில் இருக்கும் அக்காவைப் பார்த்து, ஒரு நேரம் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுத் திரும்புவதே திட்டம். ரயில் வைலே வரைதான். டிக்கெட் 129 குரோனர். மீதி நாற்பது கிலோமீட்டருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பினால் நடுத்தெருவில்தான் நிற்கவேண்டும். கார் அனுப்புவதாக அத்தான் சொல்லியிருந்தார்.

11.30. காரோடு வந்தவர் யூசுப். அத்தானுடன் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் சிரியாக்காரர். அவர் நாட்டு அதிபர் தப்பியோடி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தகப்பன், அவருக்குப் பின் மகன் என்று ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே குடும்பம் ஆண்ட நாடு. என் வாய் சும்மா இருக்குமா?

"இனித் தேர்தல் வருமா?" என்று டேனிஷில் கேட்டேன்.

"அது இருக்கட்டும். இன்று இங்குள்ள எங்கள் சிரியர் சங்கத்தில் தேர்தல். தொடங்கிய நாளிலிருந்து என் பெரியப்பாதான் தலைவர். இப்போது விலகித் தன் மகனை உட்காரவைக்கப் பார்க்கிறார். எங்கள் நாட்டில் அந்த மகனின் ஆட்சி விழுந்ததற்கு ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தவரும் அவர்தான்!" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "எதிர்த்துக் கை தூக்கினால் பெரியப்பா வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது. தூக்காவிட்டால் எதற்காக நாட்டைவிட்டு ஓடிவந்தேன்?"

1.00. சமையல் மணத்த அக்காவின் குசினிப் பக்கம் போகுமுன் அத்தான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பிள்ளை, கோட்டைக் கழட்டாதை. ஒரு மணித்தியால வேலை. யூசுப் ஆக்களின்ர கூட்டத்தை நீதான் நடத்தவேணும்."

டென்மார்க்கில் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தைப் பக்கம் சாராத ஒருவரிடம் நடத்தக் கொடுப்பது வழமை.

"நீங்களே செய்யலாமே, அத்தான்?"

"ஓம், செய்யலாம். நாளைக்கு வேலையில ஆரின்ர முகத்தில முழிக்கிறது? நீயெண்டா பின்னேரம் போயிடுவாய்."

2.00. நூலக மண்டபம். பதினேழு பேர். தலைவரே எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். மகனை எதிர்த்து நின்றவர் ஒரு பள்ளி ஆசிரியை.

"கையைத் தூக்குங்கள், ஐந்து நிமிடத்தில் முடியும்" என்றார் தலைவர்.

யூசுப் எழுந்தார். "சீட்டில் எழுத வேண்டும்."

ஒருவர் கேட்டாலும் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. கொடுத்தேன். எனக்காக டேனிஷ் எழுத்தில் எழுதினார்கள்.

முதல் சீட்டைப் பிரித்தேன். மகனின் பெயர், கீழே வாக்களித்தவரின் முழுப்பெயரும் கையொப்பமும். இரண்டாவதிலும் அப்படியே. பதினேழிலும்! தங்கள் நாட்டில் யாருக்குப் போட்டோம் என்று காட்டிக்காட்டியே பழகிய கைகள். மகனுக்குப் பதினைந்து. ஆசிரியைக்கு இரண்டு: ஒன்று அவருடையது, மற்றது யூசுப்புடையது.

"கையெழுத்து விளங்காது, மகளே. தாருங்கள், நான் வாசிக்கிறேன்." தலைவர் கையை நீட்டினார்.

யூசுப்பின் கையொப்பமும் அதற்குள் இருந்தது. சீட்டுகளை அள்ளிக் கோட்டுப் பைக்குள் திணித்தேன். "இவை செல்லாது. உங்கள் பெயரைப் போடாமல் மறுபடி எழுதுங்கள்."

இரண்டாம் முறை ஆசிரியைக்குப் பத்து, மகனுக்கு ஏழு. பழைய தலைவர் எழுந்துபோய் ஆசிரியைக்குக் கோப்பி ஊற்றினார். கோப்பை தளும்பியது.

5.40. வைலே நிலையத்தில் யூசுப்பிடம் அவருடைய முதல் சீட்டைக் காட்டினேன். "கிழிக்கவா?"

"வேண்டாம், தாருங்கள். நான் நினைத்ததை எழுதிய முதல் சீட்டு."

மற்றவற்றை ரயிலில் பொடிப்பொடியாகக் கிழித்தேன். நாங்கள் விட்டுவந்த நாட்டில் போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள். ஹ்விடோவ்ரேயில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு இன்னும் அதே தலைவர். ஆண்டுதோறும் அவருக்குக் கை தூக்குகிறேன். தூக்கியபடியே யாருடைய கை எழும்பவில்லை என்று திரும்பிப் பார்ப்பவளும் நான்தான்.