சிலுவை வரை எட்டிய டார்ச்

திராட்சைத் தோட்டத்தில் பன்றித் தொல்லை என்று கம்பம் கடைவீதிக்கு டார்ச் வாங்கப் போனேன்.

"தூரமும் அகலமும் சேந்து அடிக்கிறத எடுங்கண்ணே, காலடியும் தெரியணும்ல?" என்றார் கடைக்காரர். எனக்கோ தோட்டத்திலிருந்து எங்கள் கோயில் கோபுரச் சிலுவை வரை வெளிச்சம் எட்ட வேண்டும். தூரம் அடிப்பதையே வாங்கினேன்.

அன்று இருட்டியதும் வரப்பில் நின்று அடித்தேன். ஊசிபோல் போன ஒளியில் சிலுவை பளிச்சென்று தெரிந்தது. "ஆண்டவரே, தோத்திரம்" என்றேன்.

முன்னால் நடந்த என் மனைவி, "ஏங்க, காலடியில கொஞ்சம் காட்டுங்க" என்றாள்.

"ஆண்டவரே தெரியிறாரு, உனக்குக் காலுதான் பெருசாக்கும்!" என்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடி விரியன் அவளைக் கடித்துவிட்டது.

உயிர் பிழைத்தாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பிறகு, கடைக்காரர் சொன்ன டார்ச்சையே வாங்கி வந்து காட்டினேன்.

"ஒத்தக் காலுக்கு எதுக்குங்க இம்புட்டு அகலம்?" என்றாள்.

செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியார் என்னை மன்னித்துவிட்டார். இருட்டினால், அவள் ஊன்றுகோல் படும் இடத்தில் மட்டுமே இன்றுவரை டார்ச் அடிக்கிறேன்.