கரீம் பாயின் கால்கள்

வியாழக்கிழமை காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பூந்தமல்லியிலிருந்து நூர்ஜஹான். "அக்கா, உங்க ஊட்டுக்காரரு போய்ட்டாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரர் இதோ எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்! பிறகுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் வாரம் ஒருமுறை டிவியில் வந்த 'எதிர் போர்ஷன்' என்ற நகைச்சுவைத் தொடரில் கரீம் பாய் எனக்குக் கணவராக நடித்தார். நிஜத்தில் அவர் நூர்ஜஹானின் கணவர். அந்த அம்மாள் அன்றிலிருந்தே அவரை என்னிடம் "உங்க ஊட்டுக்காரரு" என்றுதான் சொல்வார். உங்க ஊட்டுக்காரருக்கு சளி, உங்க ஊட்டுக்காரரு மருந்து சாப்பிட மாட்டேன்றாரு என்று வாரம் ஒரு புகார் வரும். அழுகையிலும் அந்தப் பழக்கம் மாறவில்லை பாருங்கள்.

பாய்க்கு பூந்தமல்லியில் செருப்புக்கடை. எங்கள் டைரக்டர் அங்கே செருப்பு வாங்கப் போய், அவர் பேச்சில் மயங்கி, கையோடு ஷூட்டிங்குக்கு அழைத்து வந்துவிட்டார். நானோ நாடக மேடையில் ஊறியவள். கொஞ்சம் திமிரும் உண்டு. அம்பத்தூரில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் முதல் நாள் ஷூட்டிங். பாய் நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த வூட்ல நான் வெச்சதுதான் சட்டம்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்ள வேண்டும். வசனத்தைச் சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இந்த மரக்கட்டையை எங்கே பிடித்தீர்கள் என்று டைரக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, கீழே பாருங்கம்மா என்றார்.

கீழே பார்த்தேன். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதும், பாயின் வலது கால் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தது. கட்டைவிரல் வாரைப் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். இடது கால் இன்னொரு செருப்பை இழுத்து வரும். மேலே வாய் சட்டம் பேசிக்கொண்டே இருக்கும். ஒருவழியாக இரண்டையும் மாட்டிக்கொண்ட நேரத்தில் நான் தலையை நீட்டி, "எங்க கெளம்பியாச்சு?" என்பேன். இரண்டு கால்களும் ஒன்றும் அறியாத பிள்ளைகள்போல் செருப்பிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். வாராவாரம் இதேதான். தமிழ்நாடே சிரித்தது. அந்தக் கால்களுக்காகவே கேமராமேன் அவரைத் தலையிலிருந்து கால் வரை முழுசாக எடுப்பார்.

எங்கே கற்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கடைல குந்திகினு நாள் பூரா காலத்தான பாக்கறேன் வசந்தாம்மா. வாணாம், வெல ஜாஸ்தின்னு வாய் சொல்லும். காலு அந்தச் செருப்பக் கழட்டாது" என்றார்.

போன வருஷம் ஒரு நிறுவனம் எங்கள் தொடரைத் துடைத்துப் பளபளப்பாக்கி, டிஸ்க் பெட்டியாக வெளியிட்டது. ஆளுக்கொரு பெட்டி அனுப்பியிருந்தார்கள். பாய் வீட்டில் எல்லோரும் கூடி, சமோசாவும் டீயுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். பெரிய டிவி முழுக்கப் படம். அடடா, என்ன தெளிவு! ஆனால் என் கொண்டைப் பூவைக் காணோம். பாய்க்கு முழங்காலுக்குக் கீழே எதுவுமே இல்லை. அந்தக் காலத்து டிவி சதுரம், இன்றைய டிவி அகலம். திரையை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

பின்னணியில் சிரிப்புச் சத்தம் மட்டும் குபீர் குபீரென்று வந்தது. படத்தில் பாய் சும்மா உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த மருமகள், எதுக்கு மாமி சிரிக்கிறாங்க என்று நூர்ஜஹானிடம் மெதுவாகக் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. "என் காலு எங்கம்மா கீது?" என்றார் பாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். டீ மட்டும் ஆறிப்போனது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த நிறுவனம் அம்பத்தூர் எஸ்டேட்டில்தான் இருந்தது. வாங்க, ஒரு கை பார்த்துவிடலாம் என்று அவரை ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நம்ம போனப்பறம் பாக்கறவன், இந்த ஆளுக்கு நடிக்கவே வர்ல, கட்ட மாதிரி குந்திகினு கீறான்னு சொல்லுவான். அது மட்டும் வாணாம்மா."

அங்கே பொறுப்பிலிருந்தது ஒரு மதுரைப் பக்கத்துப் பெண். மரியாதையாகத்தான் பேசியது. வெட்டாமல் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்குமாம், டிவி ரிப்பேர் என்று ஜனங்கள் ஃபோன் செய்கிறார்களாம். நான் சண்டைக்கு வரிந்துகட்டினேன். பாய் என்னை அடக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, என்னை வாசலில் நிற்கச் சொன்னார். அதே வசனம். நானும் தலையை நீட்டி என் வரியைச் சொன்னேன். மேஜை கால்களை மறைத்திருந்தது. அந்தப் பெண், பாவம், மரியாதைக்குத் தலையாட்டியது.

"இப்ப பாரும்மா" என்று நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நடித்தார். வலது கால் தேடப் புறப்பட்டதுமே அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டது. நான் "எங்க கெளம்பியாச்சு?" என்றபோது ஆபீஸே எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தது. எழுபதைத் தாண்டிய கால்கள் ஐயா அவை!

சில மாதங்களில் புதுப் பெட்டி வந்தது. முழுப் படம். என் பூவும் வந்தது, அவர் கால்களும் வந்தன. "ரெண்டு பக்கமும் கறுப்பு இருந்துட்டுப் போவட்டும். காலு கீதே" என்றார். ஆனால் சொந்தபந்தங்கள் சும்மா இருப்பார்களா? படம் சின்னதாகத் தெரிகிறதென்று ரிமோட்டை அமுக்கிப் பெரிதாக்கிவிடுவார்கள், கால் மறுபடி போய்விடும். அதனால் பாய் யார் வீட்டுக்குப் போனாலும் சலாம் சொன்ன கையோடு ரிமோட்டை வாங்கி டிவியைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார். சேக்காட்டிலிருக்கும் எங்கள் வீட்டு டிவியும் தப்பவில்லை.

வியாழக்கிழமை நான் போனபோது இன்னும் குளிப்பாட்டியிருக்கவில்லை. வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். வருகிறவர்களுக்கு முகத்தைத் திறந்து காட்டுவது வழக்கம், எனக்கும் காட்டினார்கள். முதல் நாள் ஷூட்டிங்கில் பார்த்த அதே முகம், அசைவே இல்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நூர்ஜஹான் என்னைப் பார்த்தார். எழுந்து கால்மாட்டுக்குப் போய், துணியைக் கணுக்கால் வரை விலக்கினார். "முழுசா பாத்துட்டுப் போங்கக்கா" என்றார்.

கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு துணிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். "எங்க கெளம்பியாச்சு?" என்ற என் வரி வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். கேட்டால் பயந்துகொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார், அவர் சுபாவம் அப்படி. நிம்மதியாகப் போங்கள் பாய். இந்தத் தடவை நான் கேட்கவில்லை.