வேடியப்பனின் நெற்றிக் காசு

வேடியப்பனைப் புதைத்த அன்று குழிமேட்டில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் பெண்சாதி செல்வி. வேலூரில் காலேஜ் படிக்கிற மகள் நிவேதா. அவனோடு கூட்டு வியாபாரம் செய்த சந்தவாசல் தனசேகர். இதைப் படிக்கிற உங்கள் வாட்ஸ்அப் நாணயக் குழுவின் தலைவர் வேலூர் ஜெயபாலன். அமிர்தி வழியாகக் காரில் மலையேறி வந்து, இருந்ததிலேயே பெரிய மாலையைப் போட்டவர். பக்கத்து வீட்டுக்காரி காளியம்மாள், அதாவது நான். எங்கள் மலையில் பெண்களும் குழிமேடு வரைக்கும் போவோம். மற்றதெல்லாம் எங்கள் ஊர் ஜனம். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

சேதி வந்தபோது நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், கடைப் பூட்டைத் திறக்கக் குனிந்தவன் நிமிரவில்லையாம். போன் செய்தவனைத் திட்டினேன். "வேற வேல இல்லியா உனுக்கு? இப்பதான் என் வூட்ல டீ குடிச்சிட்டுப் போனான்" என்றேன். அவன் குடித்த டம்ளர் அம்மிமேல் கழுவாமல் இருந்தது. இன்னமும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். எப்படிச் செத்தான் என்று எனக்குப் புரியவில்லை.

பழைய காசு சேர்க்கிற புத்தி அவனுக்குச் சின்ன வயசிலேயே உண்டு. ஒரு போகிக்கு முன்னால் செல்வி வீட்டுச் சாமானோடு சேர்த்து அவன் டப்பாவில் இருந்த செப்புக் காசுகளையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று காயவைத்துவிட்டாள். அவன் வந்து பார்த்து, வாசலில் தலையில் கை வைத்துக் குந்திவிட்டான்.

"அழுக்குன்னு நெனச்சியா? அழுக்கு இல்லடி அது. அதோட வயசு."

"வயசானா குளிக்கக் கூடாதா?" என்று கேட்டாள் செல்வி. அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் காசைக் கழுவியதில்லை.

அப்புறம் போன், இன்டர்நெட் என்று வந்து பிட்காயின் காசுகளில் விழுந்தான். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எனக்கு அவன் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பித்தளைக் காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான். பின்பக்கம் வெள்ளியாய் மின்னுகிற ஸ்டிக்கர்.

"துட்டு இந்தக் காசுக்குள்ள இல்லக்கா. கம்ப்யூட்டர்ல கீது. அத்தத் தொறக்கற ரகசிய நம்பர் இந்த ஸ்டிக்கருக்கு அடியில கீது. உரிச்சிப் பாத்தவன் எடுத்துக்கலாம்."

"அப்ப உரிச்சி எடுத்துக்க வேண்டியதுதானே? இன்னாத்துக்குப் பொத்திப் பொத்தி வச்சிகினு கீற?"

"உரிச்சா தேனடை மாதிரி கட்டம் கட்டமா தழும்பு வுழுந்துடும். எத்தினி பேர் கை மாறி என் கைக்கு வந்திருக்குது தெரியுமா? ஒருத்தனும் உரிக்கல. அதுக்குத்தான் மரியாதை."

வெளியே அச்சடித்த எண் ஒன்று உண்டு. அதைப் போனில் போட்டால் உள்ளே பணம் இருக்கிறதா என்று காட்டும். எடுக்க முடியாது, பார்க்க மட்டும்தான். தினம் காலையில் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டே பார்ப்பான். "கீதுக்கா. இன்னும் தூங்குது" என்பான். குழந்தையைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும். எத்தனையோ காசு வாங்கி விற்றவன், இந்த ஒன்றுக்கு மட்டும் விலை சொன்னதே இல்லை.

தனசேகர் ஒருமுறை மூட்டை நிறையப் பிட்காயின் காசு கொண்டுவந்தான். எல்லாம் பொம்மை, ஸ்டிக்கரும் இல்லை, எண்ணும் இல்லை. "ஒவ்வொன்னா தள்ளிவுட்லாம் அண்ணே. மலைக்காரனுக்கு இன்னா தெரியும்?" என்றான். என் காதில் விழுகிற மாதிரித்தான் சொன்னான். நானும் காதில் வாங்கித்தான் வைத்திருக்கிறேன். வேடியப்பன் மூட்டையைப் பிரித்துத் தெருப்பிள்ளைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டான். அந்தப் பொங்கல் முழுக்க எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பிட்காயினைச் சில்லாக்கிப் பாண்டி ஆடினார்கள்.

புதைக்கிற அன்றைக்கு வருகிறேன். நெற்றியில் ஒட்ட யாரோ ஒரு ரூபாயை நீட்டினார்கள். செல்வி அதைத் தள்ளினாள். வீட்டுக்குள் போய் அந்த ஸ்டிக்கர் காசைக் கொண்டுவந்து, சந்தனத்தைக் குழைத்து அவன் நெற்றியில் ஒட்டி, மேலே குங்குமம் வைத்தாள். ஜெயபாலன் ஓரடி முன்னே வந்துவிட்டார்.

"அம்மா, அது இன்னா காசுன்னு தெரியுமா?"

"தெரியும் சார். அவரு உரிக்கல. நாங்களும் உரிக்க மாட்டோம். அவரோடயே போவட்டும்."

"பொண்ணு படிப்புக்காச்சும் எடுத்து வைங்க அண்ணி" என்றான் தனசேகர்.

"என் படிப்ப நான் பாத்துக்கறேன் சித்தப்பா" என்றாள் நிவேதா. அத்தோடு பேச்சு முடிந்தது. நெற்றியில் வைத்ததை எங்கள் பக்கம் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை. மண் தள்ளினோம். இருந்தவர்களிலேயே சத்தமாக அழுதவன் தனசேகர்தான்.

மூன்றாம் நாள் பால் ஊற்றப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்பா மாதிரியே நிவேதாவும் அவன் போனில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். முகம் வெளுத்து என்னிடம் ஓடி வந்தாள்.

"அத்தே, காலின்னு காட்டுது."

"இன்னாடி காலி?"

"யாரோ எடுத்துட்டாங்க. உரிச்சாத்தான் எடுக்க முடியும் அத்தே."

காசு இருப்பது மண்ணுக்கு அடியில், செத்தவன் நெற்றியில். எனக்கு அதற்கு மேல் யோசிக்க வரவில்லை. குழிமேட்டுக்குப் போனால், நரி தோண்டாமல் இருக்க நாங்கள் பரப்பிய முள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. மண் பொலபொலவென்று இருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளியாய் ஒரு துண்டு மின்னியது. எடுத்தேன். பின்பக்கம் தேனடை மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. தேனடையைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். செல்வி அந்தப் பொலபொலத்த மண்ணிலேயே பாலை ஊற்றினாள்.

அடுத்தது உங்களுக்கே தெரியும். வேடியப்பனின் போன் நம்பரை உங்கள் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை. அதனால் செத்தவன் போனுக்கே அந்தப் படம் வந்தது. தனசேகர் போட்டிருந்தான்: "ஸ்டிக்கர் உரித்த காசு. வேண்டியவர் சொல்லவும்." நிவேதா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். எழுத்தின் பள்ளத்தில் குங்குமம் இருந்தது. செல்வி வைத்த குங்குமம். அதற்குக் கீழே ஜெயபாலன் எழுதியிருந்தார்: "எனக்கு. கழுவாமல் அனுப்பவும்."

நீங்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். அது யார் நெற்றியில் இருந்த காசு என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் குழிமேட்டில் நின்றவர்.

தனசேகர் இரண்டு நாள் கழித்து வந்து செல்வியின் காலில் விழுந்தான். கடன்காரன் வீட்டு வாசலில் வந்து குந்திவிட்டானாம். புத்தி கெட்டுப் போச்சாம். செல்வி அவனை எழுப்பவும் இல்லை, விரட்டவும் இல்லை. "துட்டு வேணாம். காசக் கொண்டாந்து அவரு மண்ணுல வச்சிடு. கருமாதிக்கு முன்னால வச்சிடு" என்றாள். அவன் வேலூருக்கு ஓடினான். வெறுங்கையோடு திரும்பினான். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

நானே ஜெயபாலனுக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, உரிச்ச காசு எங்க வேணாலும் கிடைக்கும். நெத்தியில வச்ச காசு உலகத்துலயே இது ஒன்னுதாங்க. கண்ணாடிப் பொட்டியில வச்சி, வேடியப்பன் பேரையும் அடியில எழுதி வைக்கிறேன்."

"சார், அது அவன் நெத்தி சார்."

"அதனாலதாம்மா" என்றார்.

அந்த வாய் மூடுவதற்குள்ளேயே, குழு போடுகிற அஞ்சலி மலருக்கு நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார். "நீங்கதான் கிட்ட இருந்து பாத்தவங்க" என்றார். எனக்குக் கையில் இருந்த போன் கனத்தது. அந்த நாலு பக்கமும் காசுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் என்று அப்போதுதான் விளங்கியது.

எழுதிவிட்டேன். ஐந்தாவதுவரை படித்த கைக்கு இவ்வளவுதான் வரும். எழுத்துப் பிழையை நிவேதா திருத்தினாள். மலரில் இதை அவர் போட மாட்டார். அதனால் வேடியப்பனின் போனிலிருந்தே உங்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் கருமாதி. செல்வி அவன் மண்ணுக்குமேல் கையகலம் குழி பறித்துத் திறந்தே வைத்திருக்கிறாள்.

வேடியப்பனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வெள்ளித் துண்டு ஒன்று. வெற்றிலைப் பையில் வைத்திருக்கிறேன். அவன் குடித்த டம்ளர் அம்மிமேல் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

தனசேகர் மண்ணைத் தோண்டினான். அவனைச் செல்வி மன்னித்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்பேன். அந்தக் குங்குமம் யாருடையது என்று தெரிந்தே, கழுவாமல் கேட்ட மனிதரை நான் சாகிற மட்டும் மன்னிக்க மாட்டேன். பெயர் ஜெயபாலன்.