செத்தல் மிளகாயும் இஸ்லாவின் ஓட்டமும்

செத்தல் மிளகாய் கருகும் மணம் மூக்கில் ஏறினால் மற்றவர்கள் இருமுவார்கள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும், பின்னாலேயே ஸ்கொட்லாந்துப் பிள்ளை இஸ்லாவின் நினைவும் வரும்.

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில், உயரமான ஓர் அடுக்குமாடியில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. தாய்க்கு மருத்துவமனையில் இரவு வேலை என்பதால், எங்கள் வீட்டுப் புட்டிலும் சம்பலிலும் வளர்ந்தவள் என்றாலும் பிழையில்லை. நூறு மீற்றரில் அவளை வெல்ல எங்கள் பள்ளியில் பெடியன்கள்கூட இல்லை. பதினாறு வயதில், மாகாண இளையோர் அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் வந்தது. வென்றால்தான் அணி, இல்லையென்றால் அந்த வருடமே போச்சு.

அன்று காலை அவளும் நானும் புறப்பட, அம்மா மறித்தார். "உந்தக் காலைப் பார்த்தால் ஆரின்ரையாவது கண் பட்டிடும் பிள்ளை. 'நாவூறு' கழிக்காமல் வெளிக்கிடக் கூடாது." மிளகாயையும் உப்பையும் கையில் பொத்தி அவள் தலையைச் சுற்றி, சிவந்துகிடந்த மின்னடுப்பில் போட்டார். வீடே புகை. புகை போகட்டும் என்று, பல்கனியை விட்டுவிட்டு, நடைவழிப் பக்கக் கதவை அல்லவா திறந்தார்! புகை நடைவழிக்குப் போனதும் கட்டடம் முழுக்கத் தீ மணி அலறியது. லிஃப்டுகள் நின்றுவிட்டன.

குழந்தை குட்டிகளோடு இறங்கிய சனத்துக்குள் இடிபட்டு நாங்கள் கீழே வருவதற்குள் பஸ் போய்விட்டது. "ஐயோ, என்னாலைதானே பிள்ளையின்ரை ஓட்டம் போச்சுது" என்று அம்மா வாசலில் நின்று வாய்விட்டு அழுதார். அந்தக் கூட்டத்தில், நித்திரைப் பாயிலிருந்து எழும்பி, இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றார் ராக்சி ஓட்டும் அங்கிள் ஒருவர். "அழாதை தங்கச்சி. பிள்ளையள், ஏறுங்கோ!" சாரத்தோடேயே நெடுஞ்சாலையில் பறந்தார். பெயர் கூப்பிடும்போது போய்ச் சேர்ந்தோம். உடம்பைச் சூடாக்க நேரமில்லை. படியிறங்கியதே போதும் என்றாள் இஸ்லா. வென்றாள்.

மாலையில் அம்மாவைக் கட்டிப்பிடித்து, "அன்ரி, பல்கனி!" என்று சிரித்தாள். பிறகு ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி, இருபது வயதுக்குள் அந்த நாட்டு அணியிலேயே ஓடினாள். தொடைத் தசை கிழிந்து சீக்கிரமே ஓட்டத்தை விட்டாள். ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அதே கேலி. "அண்டைக்கு நீ வெண்டதெல்லாம் மிளகாயின்ரை வேலை" என்று அம்மா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

போன கிழமை வீடியோவில் வந்தாள். மகளுக்கு மறுநாள் முதல் பெரிய ஓட்டமாம். அம்மா இல்லை, சாரம் கட்டிய அங்கிள் இல்லை, சிவக்கும் அந்த அடுப்பும் இல்லை. அகதியாய் வந்த எங்களுக்கு இப்படியும் ஓர் உறவு கிடைத்ததே என்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன். திரையில் தெரிந்த சின்ன முகத்தை மிளகாயால் சுற்றி, அடுப்பில் காய்ந்த தாச்சியில் போட்டேன். புகை எழும்பியதும், மறந்துபோய், அங்கிருந்து இஸ்லா கத்தினாள்: "அன்ரி, பல்கனி!"

அவள் கூப்பிட்டது அம்மாவை. நான் போய்த் திறந்தேன்.