நான் கூட்டிப் போட்ட ஐந்து நிமிடம்

என் மருமகன் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவர். தானாகவே சதுரங்கம் ஆடுகிற ஒரு புரோகிராமை இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். மன்னார் டவுனில் இப்படியான புரோகிராம்களுக்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். யோசிப்பது கணினி. ஆனால் பலகையும் காய்களும் மணிக்கூடும் மேசையில் இருக்கும். கணினி சொல்லும் காயைப் பலகையில் நகர்த்தி, மணிக்கூட்டை அழுத்த ஓர் ஆள் வேண்டும். எழுதியவரே அந்தக் கதிரையில் இருக்கக்கூடாது, ஆட்டம் முடியும்வரை மண்டபத்துக்குள்ளும் வரக்கூடாது என்பது அவர்கள் வைத்த சட்டம். மகளுக்கு அது நிறைமாதம். அதனால் ஏழாம் வகுப்போடு நின்ற நான் போனேன்.

கட்டங்களின் எழுத்தையும் இலக்கத்தையும் ஒரு கிழமையில் பழக்கிவிட்டார். ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். புரோகிராம் தான் யோசிக்கும் நேரத்தைத்தான் கணக்கு வைக்கும். காயைத் தூக்கி வைக்க நான் எடுக்கிற நேரம் அதற்குத் தெரியாது. மேசை மணிக்கூடோ எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்துக்கொண்டிருக்கும். ஆகவே பத்து நகர்த்தலுக்கு ஒருமுறை, மணிக்கூட்டில் மிச்சமிருக்கும் நேரத்தைப் பார்த்துக் கணினியில் போடவேண்டும்.

"அதுவும் உங்கட மகள் மாதிரித்தான் மாமி. நேரம் கிடக்கு எண்டு சொன்னா ஆறுதலாத்தான் வெளிக்கிடும்" என்றார்.

முதல் இரண்டு ஆட்டமும் வென்றோம். மூன்றாவதையும் வென்றால் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். எதிரே முசலிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், அவர்களுடைய கணினியோடு இருந்தார். அவர்களைவிட எங்களுக்கு ஒரு கோட்டைக் காய் கூடுதலாக இருந்தது. கணினி அடுத்த காயைக் காட்டிவிட்டது. நான் கையை நீட்டும்போது பக்கத்து மாதா கோயிலில் பன்னிரண்டு மணிக்குத் திரிகால செபத்துக்கான மணி அடித்தது.

எங்கள் ஊர் பேசாலையில் அந்த மணி கேட்டால் மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நிற்போம். நானும் எழும்பிவிட்டேன். திரிகால செபம் முடிந்தது. மகளுக்குப் பிள்ளை உண்டான நாளிலிருந்து அதோடு பத்து 'அருள் நிறைந்த மரியே' செபமும் சொல்லிவருகிறேன். அதையும் தொடங்கினேன்.

"அம்மா, உங்கட பக்க மணிக்கூடெல்லோ ஓடுது" என்றார் எதிரே இருந்தவர்.

கதைக்கவேண்டாம் என்று கையைக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், அது முழுக்கப் பக்தியில்லை. மண்டபம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்ற பெருமையும் எனக்குள் இருந்தது. ஆண்டவர் அதையும் பார்த்திருப்பார்.

கதிரையில் இருந்து பார்த்தால் மணிக்கூட்டில் ஒன்பது நிமிடம்தான். பதினாலு இருந்திருக்கவேண்டும். நேரம் போடவேண்டிய முறையும் வந்துவிட்டது. ஒன்பது என்று போட்டால், ஐந்து நிமிடம் எங்கே போனது என்று மருமகன் பிறகு பார்த்துக் கேட்பார். பதினாலு என்று போட்டேன். காய்களைச் சுறுக்காக நகர்த்தி அந்த ஐந்து நிமிடத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் ஐந்தைக் கூட்டியே போட்டேன்.

அது என்னை நம்பி ஆறுதலாக யோசித்தது.

"என்னம்மா, உங்கட கொம்பியூட்டர் நித்திரையோ?" என்று எதிரே இருந்தவர் சிரித்தார். மணிக்கூட்டில் சைபர் விழுந்தபோது கணினித் திரையில் இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நடுவர் வந்து, நேரம் முடிந்து நாங்கள் தோற்றோம் என்று எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருமகன் கேட்டார்.

"மாமி, நேரம் சரியாத்தானே போட்டனீங்கள்?"

"ஓம் தம்பி, பாத்துத்தான் போட்டனான்."

"அப்ப பிழை என்ர கணக்கிலதான்."

பேரப்பிள்ளை பிறந்தாள். அவளை ஒரு கையில் போட்டுக்கொண்டு, மறுகையால் இல்லாத பிழையைத் தேடினார். புரோகிராமை அவசர அவசரமாக ஆட வைத்தார். அது பிழையான காயெல்லாம் வைத்தது. "பிள்ளை அழுறதும் இந்த மனிசனுக்குக் கேக்குதில்லை" என்று மகள் ஏசினாள். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு அப்பால் போய்விடுவேன்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன். "எனக்குச் சொல்லிப்போட்டீங்கள். அவருக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டார் பங்குச் சுவாமி. இல்லை என்றேன். அதன் பிறகும் மூன்று ஞாயிறு போனது.

ஒருநாள் பின்னேரம் மருமகன் லப்டொப்பை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "இதை விடப்போறன் மாமி. எனக்கு உதுக்குரிய மூளை இல்லைப் போல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினை நிமிஷம்?"

"அஞ்சு, தம்பி."

லப்டொப்பைத் திறந்து, அன்றைய ஆட்டத்தின் பதிவை எடுத்துப் பார்த்தார். அவர் கணக்கு சரியாகவே இருந்தது. ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூண்டு மாசம், மாமி" என்றார். அவ்வளவுதான்.

பழைய புரோகிராமையே திரும்ப எடுத்துக்கொண்டார். போன மாதம் வவுனியாவில் நடந்த போட்டிக்கு வெளிக்கிட்டபோது மகள் சொன்னாள்: "அம்மா பழகினவதானே, அவவைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"வேண்டாம். எங்கட பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருத்தர் வாறார்" என்றார்.

"ஏன், அம்மாவுக்கு என்ன?"

நான் புட்டுப் பார்சலைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு முதுகு நோகும், நெடுக இருக்கேலாது" என்றார்.

எனக்காக அவர் சொன்ன பொய் அது. நானும் தலையாட்டினேன்.