கப்பல் பார்க்கக் கூடாதென்றார்கள்

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில், துறைமுகம் தெரியும் ஜன்னலோரம் எங்களோடு வேலை செய்த ஒருவரின் கதிரை. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். நிரலில் ஒரே திருத்தத்தை ஐம்பது இடத்தில் செய்யவேண்டி வந்தால் நாங்கள் வரி வரியாகக் கிடந்து மாரடிப்போம். அவரோ அத்தனை வரிகளையும் ஒன்றாகத் தெரிவுசெய்து ஒரே தட்டில் மாற்றிவிடுவார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு கப்பல்களைப் பார்ப்பார்.

அது எங்கள் மனேஜருக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இருக்கத்தான் சம்பளமோ?" என்று எல்லோர் முன்னும் கேட்டார். முடித்த வேலையைத் திறந்துகூடப் பார்க்காமல் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்.

மறுநாள் அவரும் எங்களைப்போல ஒவ்வொரு வரியாகத் திருத்தத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் இப்பிடி இழுக்கிறீங்கள்? இது உங்களுக்கு ஏலாத வேலையா?"

"கீபோட்டில இருந்து கையை எடுத்தா ஏசுறார். அதான் எடுக்காம இருக்கிறன்."

பின்னேரம் மனேஜர் வந்து அவர் பின்னால் நின்றார். "இப்பதான் ஒழுங்கா வேலை செய்யிறீங்கள்."

"ஓம் சேர்."

பாதி வேலைகூட முடிந்திருக்கவில்லை. அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. மனேஜர்தான் ஜன்னலடிக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கப்பல் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சம்பளம்!