துவைக்காத சாரம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதனால் சாரம் என்ற சொல்லுக்கு எனக்கு மூன்று அர்த்தம்தான் தெரியும். நாலாவது என் பேத்தியின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: 'இப்பாடலின் சாரத்தை எழுதுக.' அந்த வகுப்பு வரைக்கும் நான் போகவில்லை.

நான் பிறந்த களியக்காவிளைப் பக்கம் சாரம் என்றால் அடுப்புச் சாம்பல். இராஜாக்கமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மறுநாளே மாமியார், "ஏட்டி, அவன் சாரத்த அலசிப் போடு" என்றார். சாம்பலை அலசிக் காயப்போடும் வீட்டில் வந்து விழுந்துவிட்டோமே என்று நின்றேன். இங்கே ஆண்கள் உடுத்தும் லுங்கிக்குப் பேர் சாரம். என் வீட்டுக்காரருக்கு வேலையும் அதுதான். கட்டிடம் எழும்பும்போது சுற்றிலும் கம்பு நட்டுக் கயிற்றால் கட்டுவார்களே, அந்தச் சாரம்.

"சாரம் உடுத்திட்டு சாரத்துல ஏறுதீரு. விழுந்து சாரமாயிராதேயும்" என்று சீண்டுவேன்.

"நீ ஆக்குத சோத்தத் தின்னுட்டும் ஆகாம இருக்கேம்லா" என்பார்.

போன மாதம் ஆனார். மேலேயிருந்தெல்லாம் விழவில்லை. சாயா கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அந்தச் சாயாவை என்ன செய்வதென்று தெரியாமல் நானே குடித்தேன். சீனி சரியாகத்தான் இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் இருக்குமே, அதுபோல உடம்பு முழுக்க ஆகிவிட்டது. அழுகை வரவில்லை.

எங்கள் பசு அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஈன்றிருந்தது. கன்று தங்கவில்லை. அதன் பிறகு அவர் கைக்கு மட்டுமே பால் விடும். பதினாறு நாளும் பால்காரர் பின்னங்கால்களைக் கட்டிப்போட்டு, கிடைத்ததைக் கறந்துவிட்டுப் போனார். பதினேழாம் நாள் மடியில் ஒரு பக்கம் கல்லாகிக் கிடந்தது. மாட்டு டாக்டர் ஊசி போட்டார். "முழுசா கறந்து எடுக்கணும். இன்னும் ரெண்டு நாளு இப்படிக் கெடந்தா அந்தக் காம்பு போயிரும்" என்றார்.

அடுத்த வீட்டிலிருக்கும் நாத்தனார் வந்தாள். "மைனி, அண்ணனுக்க சாரத்த உடுத்திட்டுப் போயி கறந்து பாருங்க."

இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கறக்கிறவர் எங்கேயாவது போனால், அவர் துணியை உடுத்திக்கொண்டு கறப்பார்கள். மாடு மணம் பிடித்துப் பால் விட்டுவிடும். ஆனால் நான் பெரிய சுத்தக்காரி. தீட்டுக் கழிக்கிறேன் என்று முந்தின நாள் அத்தனை துணியையும் சோப்புப்பொடியில் ஊறப்போட்டு, பூ மணக்கும் நீலத் தண்ணீரில் முக்கி எடுத்திருந்தேன். இருந்தாலும் ஒன்றைச் சேலைக்கு மேலே சுற்றிக்கொண்டு போனேன். பசு மோந்து பார்த்துத் தும்மியது. பிறகு வாளியை உதைத்தது.

"புதுப்பொண்ணு மாதிரில்லா மணக்கியோ மைனி!"

"மாப்பிள்ளைதான் இல்ல ட்டீ."

அவள் சிரிக்கவில்லை. "அண்ணனுக்க அழுக்குத் துணி ஒண்ணுகூடவா இல்ல?"

கொடியில் தேடினோம். கட்டிலுக்கு அடியில் தேடினோம். கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியிலும் இல்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். கடைசியில் தொழுவத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்த சாரக்கம்புகளுக்கு நடுவே அது கிடந்தது. கம்பு சுமக்கும்போது தோளில் மடித்துப் போடும் பழைய சாரம். சுண்ணாம்பு, வியர்வை, பீடி எல்லாம் அதில் இருந்தன. உதறாமல் சுற்றிக்கொண்டேன்.

பசு நெடுநேரம் மோந்தது. முனையை நாக்கால் இழுத்தது. நான் காம்பில் கை வைத்தேன். காலைத் தூக்கவில்லை. முதலில் தயிர்போலக் கட்டிகட்டியாக வந்தது. அதைத் தரையில் விட்டேன். அப்புறம் வாளியில் சத்தம் கேட்டது. கை கடுத்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. பசுவின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு மடி இளகும்வரை கறந்தேன். என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. நாத்தனார்தான் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குள்ளதையும் சேத்து நீயே அழுதுரு ட்டீ" என்றேன்.

அவிழ்த்ததும் அவள் கையை நீட்டினாள். "தாருங்க மைனி, அலசிப் போடுகேன். நாறுது."

"தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

தொழுவத்து ஆணியில் மாட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மணம் எத்தன நாளு நிக்கும் மைனி?"

"பாலு வத்துறது வர நின்னா போதும்" என்றேன்.